பழைய குடியிருப்பு வீதியை முழுசா மாத்திப் போடணும்: எதை முதல்ல செய்றது? (420 மீற்றர், ஹட்டன் பக்கம்)

பனிக்காடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஹட்டனுக்குக் கிட்ட ஒரு குடியிருப்பு வீதி, 58 வீடு. பிரதேச சபை இந்த வருசம் ஒரு பகுதிக்குப் பணம் ஒதுக்குறதா சொல்லியிருக்கு. மிச்சம் அடுத்த வருசங்கள்ல. வேலைய கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கே ஒப்பந்தமா குடுக்கிற பேச்சும் இருக்கு. அதுக்கு முன்னாடி திட்டத்தைச் சரியா வரைஞ்சு குடுக்கணும்.

அளவுகள்: மொத்தம் 420 மீற்றர். பிரதான வீதியில இருந்து முதல் 150 மீற்றர் 8 சதவீத ஏற்றம். நடுவுல 120 மீற்றர் 15 சதவீதம், அதுல ஒரு வளைவு. மேல் 150 மீற்றர் 4 சதவீதம். டியூப் லெவல் பிடிச்சு 10 மீற்றருக்கு ஒரு தடவை எடுத்தது. அகலம் 2.7 முதல் 3.4 மீற்றர். அடியில பழைய கருங்கல் அடுக்கு, மேல மூணு நாலு தடவை போட்ட தார். மலைப்பக்கம் ஒரு அடி அகலம் கூட இல்லாத கல் கான் (வடிகால்), பாதி இடத்துல வீட்டுக்காரங்க சிலாப் போட்டு மூடிட்டாங்க. ரெண்டு மதகு (வீதிக்கு அடியில தண்ணி கடக்கிற வழி), ரெண்டுமே 300 மி.மீ ஹியூம் பைப் (கொங்கிரீட் குழாய்). தண்ணி லைன் வீதி நடுவுல போகுது, அஞ்சு இடத்துல கசிவு. கீழ்ப்பக்கம் 11 வீட்டோட வாசல் இப்ப வீதி மட்டத்தை விடத் தாழ்வு, மழைக்குத் தண்ணி உள்ள வருது. மேல தேயிலை மலை.

கேள்விகள்: காபட்டா (மெசின்ல விரிக்கிற சூடான தார்க் கலவை) கொங்கிரீட்டா? முதல் பணத்துல எந்தப் பகுதியைச் செய்றது? கூட்டத்துல நிறையப் பேர் "வீதி வாசல்ல இருந்து 150 மீற்றர் காபட் போட்டா எல்லாருக்கும் தெரியும்"னு சொல்றாங்க. தாழ்ந்த வீடுகளுக்கு என்ன வழி? பைப்பை எங்க கொண்டு போறது?

---

அளவுநாடா எழுதியது:

வணக்கம் பனிக்காடு. அளவுகளோடு கேட்டதற்கு நன்றி. பெரும்பாலும் "ரோடு மோசம், என்ன செய்யலாம்" என்று மட்டும்தான் கேள்வி வரும்.

முதல் பணத்தை மேற்பரப்பில் போட வேண்டாம். தண்ணீர் போகும் வழியில் போடுங்கள். உங்கள் வீதி தார் தேய்ந்ததால் பழுதாகவில்லை. மலைப்பக்கக் கான் நிரம்பி வழிந்து, தண்ணீர் கருங்கல் அடுக்குக்குள் இறங்கி, அடிமண்ணைச் சேறாக்கியதால் பழுதானது. அதன்மேல் என்ன போட்டாலும் மூன்று மழைக்காலத்துக்குள் அதே இடத்தில் அதே குழி வரும்.

கானுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே இருக்கும் தேயிலை மலையும் கூரைகளும் சேர்த்து 1.5 ஹெக்டயர் என்று வைத்துக்கொள்வோம் (தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் வரைபடத்தில் அளந்து வாங்குங்கள்). பெய்யும் மழையில் மண்ணுக்குள் இறங்காமல் ஓடி வரும் பங்கு 0.6, மழை வேகம் மணிக்கு 100 மி.மீ. மூன்றையும் பெருக்கி 360 ஆல் வகுத்தால் விநாடிக்கு 0.25 கன மீற்றர், அதாவது 250 லீற்றர். 5 சதவீதச் சரிவில் 300 மி.மீ அகலக் கொங்கிரீட் கான் 250 மி.மீ ஆழத்துக்கு ஓடினால் ஏறத்தாழ 230 லீற்றர்தான் கொண்டுபோகும். அதுவும் இலை, பிளாஸ்டிக், மண் எதுவும் இல்லாமல். 450 × 450 கான் 350 மி.மீ ஆழத்தில் 600 லீற்றருக்கு மேல் தாங்கும். ஆகவே 450 போடுங்கள். மேல் 4 சதவீதப் பகுதியில் தண்ணீர் இன்னும் மெதுவாக ஓடும், ஆனால் அங்கே சேரும் தண்ணீரும் குறைவு.

செங்குத்தான 120 மீற்றரில் கொள்ளளவு பிரச்சினையே இல்லை, அங்கே வேகம்தான் பிரச்சினை. விநாடிக்கு 4 மீற்றரைத் தாண்டி வரும் தண்ணீர் வளைவில் கானை விட்டு எகிறி வீதிக்கு வந்துவிடும். அந்தப் பகுதியில் கானின் அடியைப் படிபடியாக இறக்குங்கள். 3 மீற்றருக்கு ஒரு படி, படிக்கு 200 மி.மீ போதும். வளைவுக்கு முன்னால் 900 × 900 குழி ஒன்று கட்டி, அதன் அடி கானின் அடியை விட 300 மி.மீ தாழ்வாக இருக்கட்டும். மண் அங்கே தங்கும், தண்ணீரின் வேகமும் அங்கே சாகும். வளைவில் வெளிப்பக்கச் சுவரை 150 மி.மீ உயர்த்துங்கள்.

இரண்டு மதகையும் 600 மி.மீ ஆக்குங்கள். 300 மி.மீ பைப் அடைத்தால் மூங்கிலால் குத்துவதைத் தவிர வழியில்லை, 600 என்றால் ஒருவர் தவழ்ந்து போய்ச் சுத்தம் செய்யலாம். வெளிவாயில் முக்கியம். தண்ணீர் விழும் இடத்தில் பெரிய கருங்கல்லைச் சாந்து வைத்துப் பதிக்காவிட்டால், பைப்புக்கு அடியில் மண் அரித்து மதகே தொங்கும். அந்தத் தண்ணீர் கீழே எந்த ஓடைக்குப் போய்ச் சேருகிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். "கீழ்ப்பக்கம் விட்டுவிடலாம்" என்று விட்ட தண்ணீர்தான் கீழ் வரிசை வீடுகளின் பின்சுவரைத் தள்ளுகிறது.

கானை வெளிவாயிலிலிருந்து மேல்நோக்கிக் கட்டி வாருங்கள். மேலிருந்து தொடங்கினால் பாதியில் மழை வரும்போது சேர்ந்த தண்ணீருக்குப் போக்கிடம் இருக்காது.

---

பண்டாரவளை_பாஸ் எழுதியது:

அளவுநாடா அண்ணே சொன்னதுக்கு மேல மேற்பரப்பு பத்தி மட்டும் சொல்றேன்.

காபட் வேணாம். காபட் மோசமுன்னு சொல்லல, உங்க ரோட்டுக்கு ஒத்து வராது. காபட் விரிக்கிற பேவர் மெசினு 2.7 மீற்றர்ல திரும்பாது. 15 சதவீதத்துல ரோலர் ஏத்தி இறக்கும்போது சூடா இருக்கிற காபட் கீழ வழுகிச் சுருங்கும். காபட் கலக்கிற பிளாண்ட்ல இருந்து மலை ஏறி வரும்போது சூடு ஆறிப்போச்சுன்னா அமுங்காது, அமுங்காத காபட் தண்ணியக் குடிக்கும். இன்டர்லொக் கல்லு சமமான இடத்துக்கு நல்லது. ஏத்தத்துல கல்லுக்கு அடியில போட்ட மணல தண்ணி இழுத்துட்டுப் போயிரும், கல்லு ஒண்ணொண்ணா இறங்கும். செங்குத்துக்கு கொங்கிரீட்டுதான்.

கனம் 150 மி.மீ. 100 போதும்னு சொல்லுவாங்க. திரீவீலரும் வேனும் மட்டும் போனா போதும்தான். ஆனா வீடு கட்ட மணல் லொறி வரும், தண்ணி பவுசர் வரும். அடியில மெட்டலும் (உடைச்ச கருங்கல்லு) தூளும் கலந்த ஏ.பீ.சீ 150 மி.மீ, ரெண்டு தட்டா போட்டு அமுக்கணும். ஒரே தட்டா 150 கொட்டி பிளேட் கொம்பெக்டர் ஓட்டுனா மேல் பாதிதான் இறுகும்.

கணக்கு: செங்குத்து 120 மீற்றர் × 3 × 0.15 = 54 கன மீற்றர். 1:1½:3 கலவைக்கு கன மீற்றருக்கு 8 பேக் சீமெந்து, ஆக 432 பேக். மணல் 8 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி), முக்கால் இஞ்சி மெட்டல் 16 கியூப். இதுக்கு மேல சேதாரம் 5 முதல் 10 சதவீதம் சேர்த்துக்கங்க. ஒரு பேக் மிக்சர் ஒண்ணு வச்சா ஒரு நாளைக்கு 10, 11 கன மீற்றர், அதாவது 20 முதல் 25 மீற்றர் ரோடு. ரெடிமிக்ஸ் லொறிய நம்பாதீங்க, 6 கன மீற்றர் ஏத்துனா கொங்கிரீட் மட்டும் 14 டொன்னுக்கு மேல. அந்த மதகு தாங்காது.

தண்ணி: ஒரு பேக்குக்கு 25 லீற்றருக்கு மேல போகக் கூடாது. மணல் ஈரமா இருந்தா அதுக்கும் குறைவு. ஹட்டன்ல மணல் எப்பவும் ஈரந்தான். இளக்கமா இருந்தா இழுக்க லேசுன்னு தண்ணி ஊத்துவாங்க, ஏத்தத்துல அது கீழ வழிஞ்சு வந்து கீழ்ப்பக்கம் 180 மி.மீ, மேல்பக்கம் 120 மி.மீ ஆயிரும். சிலம்ப் (கூம்புல போட்டு எடுத்தா கலவை எவ்வளவு இறங்குதுங்கிற அளவு) 25 மி.மீக்கும் 50க்கும் நடுவுல. கீழ இருந்து மேல போட்டுட்டுப் போகணும், அப்பதான் போட்ட கொங்கிரீட்டு மேல போடுறதத் தாங்கும்.

ஜொயின்ட்டு (கண்ட இடத்துல வெடிக்காம இருக்க குறுக்கா வெட்டுற கோடு) 3.5 முதல் 4 மீற்றருக்கு ஒண்ணு. போட்ட அன்னைக்கு ராத்திரியோ மறுநாள் காலையிலயோ 50 மி.மீ ஆழத்துக்கு வெட்டிரணும். ரெண்டு நாள் கழிச்சு வெட்டுனா அதுக்குள்ள கொங்கிரீட்டு தனக்குப் பிடிச்ச இடத்துல வெடிச்சிருக்கும். வெட்டுன இடத்தக் கழுவிக் காய வச்சு தார் ஊத்துங்க. வேலை நிறுத்துற இடத்துல 20 மி.மீ வழுவழுப்புக் கம்பி, 450 நீளம், 300க்கு ஒண்ணு, ஒரு பாதிக்கு கிரீஸ் பூசி.

கம்பி வலை பத்தி ஒரு வார்த்தை. தரையில விரிச்சு அதுக்கு மேல கொங்கிரீட்டு கொட்டுனா அந்தக் காசு வீண். வலை மேற்பரப்புல இருந்து 50 மி.மீ ஆழத்துல இருந்தாத்தான் வெடிப்ப இறுக்கிப் பிடிக்கும். அப்படி வைக்க முடியலன்னா வலைய விட்டுட்டு அந்தக் காச அடித்தட்டுல போடுங்க.

செங்குத்துல ரெண்டு விசயம். பொலித்தீன் விரிக்காதீங்க. சமமான இடத்துல அது நல்லது, 15 சதவீதத்துல அது சறுக்குப் பலகை. அதுக்குப் பதிலா அடித்தட்ட நல்லா நனைச்சுட்டுப் போடுங்க, தண்ணி தேங்கக் கூடாது. ரெண்டாவது, 20 முதல் 25 மீற்றருக்கு ஒரு குறுக்கு பீம்: 300 அகலம், சிலாப்புக்குக் கீழ 400 ஆழம், 12 மி.மீ கம்பி நாலு, சிலாப்போட ஒண்ணாப் போடணும். கீழ்முனையில கட்டாயம் ஒண்ணு. இல்லாட்டி சிலாப் வருசத்துக்குக் கொஞ்சமா கீழ இறங்கி, கீழ் ஜொயின்ட் நெருக்கி உடையும், மேல் ஜொயின்ட் வாயப் பொளக்கும்.

மேற்பரப்புல குறுக்கா விளக்குமாத்தால ஆழமா கோடு இழுங்க. கையால தேச்சு வழவழன்னு ஆக்குனா பாக்க அழகா இருக்கும், பாசி பிடிச்சதும் பள்ளிக்கூடப் பிள்ளைங்க விழும்.

---

பனிக்காடு எழுதியது:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம், குளிரா இருக்கிறதால கியூரிங் (போட்ட கொங்கிரீட்ட ஈரமா வச்சிருக்கிறது) தேவையில்லைன்னு இங்க சொல்றாங்க. உண்மையா? அப்புறம் எந்த மாசத்துல தொடங்கலாம்?

---

பண்டாரவளை_பாஸ் எழுதியது:

தேவை. குளிர்ல சீமெந்து மெதுவாத்தான் பலம் பிடிக்கும், அதனால கூட நாள் வேணும், குறைவா இல்ல. மத்தியானம் காத்து அடிச்சா மேல்தோல் காஞ்சு பொடிப்பொடியா வெடிக்கும். ஈரச்சாக்கு 7 நாள், முடிஞ்சா 10 நாள். சாய்வுல தண்ணி நிக்காது, அதனால மண் வரப்புக் கட்டித் தண்ணி நிறுத்துறது அங்க சரி வராது, சாக்குத்தான். திரீவீலர் 14 நாளுக்கு அப்புறம், லொறி 28 நாளுக்கு அப்புறம்.

மாசம்: உங்க பக்கம் தென்மேற்குப் பருவமழை, மே கடைசியில இருந்து செப்டெம்பர் வரைக்கும் விடாது. ஜனவரி நடுவுல இருந்து மார்ச் கடைசி வரைக்கும்தான் கொங்கிரீட்டுக்கு நல்ல காலம். எங்க ஊவாப் பக்கம் (பதுளை, பண்டாரவளை) நேர்மாறு, ஜூன்ல இருந்து ஓகஸ்ட் வரைக்கும் மழை இல்லாத காலம். பதுளையில செஞ்ச வேலை அட்டவணைய அப்படியே எடுத்து ஹட்டனுக்குப் போட்டா நடு மழையில மண்ணு வெட்டிட்டு நிப்பீங்க. எந்த மாசமா இருந்தாலும் ஒரு நாள் வேலைய மூடுற அளவுக்குத் தறப்பாள் பக்கத்துல இருக்கணும்.

---

கான்வரம்பு எழுதியது:

பனிக்காடு, காசு கையில் வருமுன் முடிக்க வேண்டிய கடதாசி வேலைகள் சில இருக்கின்றன. இவை பிந்தினால் ஜனவரியில் தொடங்க வேண்டிய வேலை ஏப்ரலுக்குப் போய்விடும்.

முதலில், இந்த வீதி யாருடையது? பிரதேச சபையின் வீதிப் பதிவேட்டில் 420 மீற்றரும் இருக்கிறதா, அல்லது மேல் 150 மீற்றர் தோட்டக் காணிக்குள் போகிறதா என்று பாருங்கள். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று சொல்லும் நிலை நீண்ட காலம் இருந்தது. 2018 இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. ஆகவே "தோட்டம்" என்ற ஒரே காரணத்துக்காக மேல் பகுதியை விட்டுவிடாதீர்கள். ஆனால் காணியை நிர்வகிக்கும் கம்பனியின் எழுத்துமூலச் சம்மதத்தை வாங்கி வையுங்கள். கானும் மதகின் வெளிவாயிலும் தேயிலைக்குள் போகுமென்றால் அதையும் அந்தக் கடிதத்தில் எழுத வேண்டும்.

அடுத்தது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். உங்கள் இடம் மண்சரிவு அபாய வரைபடத்தில் எந்த நிறத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். மலைப்பக்கம் மண்ணை வெட்டி அகலமாக்கும் யோசனை இருந்தால் அவர்களின் சிபாரிசு இல்லாமல் மண்வெட்டியை வைக்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவையும் 2025 நவம்பர் டித்வா புயலையும் பார்த்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. 3.4 மீற்றர் ஆக்குவதற்காகச் சரிவின் அடிக்காலை வெட்டுவதை விட, 2.7 மீற்றராகவே விட்டு, இரண்டு இடத்தில் வாகனம் ஒதுங்க இடம் எடுப்பது நல்லது.

வெட்டிய மண் எங்கே போகும் என்பதையும் முன்கூட்டியே எழுதுங்கள். பழைய தாரும் கல்லும் மண்ணுமாக 300 மி.மீ ஆழம் எடுத்தால் 420 × 3 × 0.3 = 378 கன மீற்றர். வெட்டியதும் உப்பி ஏறத்தாழ 480 ஆகும். ஒரு கியூப் லொறிக்கு 170 நடை. அந்தச் செலவு மதிப்பீட்டில் இல்லாவிட்டால் மண் எங்கே போகும் தெரியுமா? இரவோடு இரவாகக் கீழ்ப்பக்கப் பள்ளத்துக்கு. அந்தத் தளர்ந்த மண் மழையில் ஊறிக் கீழ் வரிசை வீட்டுக்கு வரும், அல்லது ஓடையை அடைக்கும். மண் கொட்டும் இடத்தைச் சபையிடம் எழுத்தில் வாங்குங்கள். பழைய அடுக்குக் கருங்கல்லை மட்டும் பிரித்து வைத்தால் மதகு வெளிவாயிலுக்கும் சுவருக்கும் உதவும்.

மின்சார அலுவலகத்துக்கும் டெலிகொம்முக்கும் இன்றைக்கே கடிதம் கொடுங்கள். கம்பம் நகர்த்தும் மதிப்பீடு வர எத்தனை மாதம் எடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கம்பத்தை நடுவில் வைத்துச் சுற்றிக் கொங்கிரீட் போட்ட வீதிகள் மலையகத்தில் எத்தனையோ.

தாழ்ந்த 11 வீடுகளுக்கு: மூன்று நான்கு தடவை பழையதைக் கிளறாமல் மேலே மேலே போட்டதால்தான் வீதி உயர்ந்தது. அதனால் ஒரு விதியாகவே எழுதி வையுங்கள்: புதிய வீதியின் முடிந்த மட்டம் மிகத் தாழ்ந்த வீட்டின் தரையை விடக் குறைந்தது 150 மி.மீ கீழே. பெட்டி போல வெட்டி எடுத்துவிட்டுத்தான் ஏ.பீ.சீ. அதற்கும் முடியாத வீடு இருந்தால் அதன் வாசலில் மட்டும் 100 மி.மீ உயர விளிம்புக் கல் வைக்கலாம். வீதியின் குறுக்குச் சாய்வு முழுவதும் மலைப்பக்கக் கானை நோக்கியே இருக்கட்டும், 2.5 சதவீதம், அதாவது 3 மீற்றருக்கு 75 மி.மீ. நடுவில் உயர்த்தி இரு பக்கமும் சாய்த்தால் பாதித் தண்ணீர் அந்த 11 வாசலுக்குத்தான்.

கானை மூடிய சிலாப் விடயத்தில் கூட்டத்தில் சண்டை வரும். எடுக்கச் சொல்வதற்கு முன் பதிலைக் கையில் வையுங்கள்: ஒவ்வொரு வாசலுக்கும் தூக்கி எடுக்கக்கூடிய மூடி. 600 × 450, 100 மி.மீ கனம், 10 மி.மீ கம்பி, இரண்டு கைப்பிடி. ஒன்று ஏறத்தாழ 67 கிலோ, இரண்டு பேர் தூக்கலாம். வாகனம் ஏறும் இடத்தில் 150 கனம். வாசலில் நிரந்தரச் சிலாப் ஒன்று விட்டாலும் அங்கேதான் அடைக்கும், மேல் வீட்டுக்காரர்தான் அனுபவிப்பார்.

---

பனிக்காடு எழுதியது:

அக்கா, இதெல்லாம் யோசிக்கவே இல்ல. மிக்க நன்றி. மேல் 150 மீற்றர்ல 60 மீற்றர் தோட்டக் காணின்னு இப்பத்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

பைப் விசயம் மட்டும் மிச்சம். தாங்கி மேல் முனையில இருந்து இன்னும் 20 மீற்றர் உயரத்துல இருக்கு. வீட்டு இணைப்பெல்லாம் அல்கத்தீன் (பொலித்தீன் குழாய்), பாதி பேரோட லைன் கானுக்குள்ளயே போகுது.

---

அளவுநாடா எழுதியது:

கானுக்குள் போகும் லைன்கள் எல்லாம் வெளியே வர வேண்டும். அது அடைப்புக்கு மட்டும் காரணமில்லை. உங்கள் பக்கம் தண்ணீர் நேரம் பார்த்து விடுவார்கள் என்று நினைக்கிறேன். நிறுத்தும் நேரத்தில் குழாய்க்குள் உறிஞ்சல் வரும். சிறு வெடிப்பு இருந்தாலும் கானில் ஓடும் சமையலறைத் தண்ணீர் குடிதண்ணீருக்குள் போகும். பிள்ளைகள் உள்ள குடியிருப்பில் இதைக் கடைசி வேலையாக வைக்க வேண்டாம்.

அழுத்தத்தைப் பாருங்கள். வீதியின் ஏற்றம் 12 + 18 + 6 = 36 மீற்றர். தாங்கியின் 20 சேர்த்தால் கீழ்முனையில் 56 மீற்றர், ஏறத்தாழ 5.6 பார். டைப் 600 பீ.வீ.சீ 6 பாருக்குச் செய்தது. கீழே திடீரென்று வால்வை மூடினால் எழும் அதிர்வுக்கு அதில் இடமில்லை. உங்கள் ஐந்து கசிவில் எத்தனை கீழ்ப் பாதியில் இருக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். செங்குத்துப் பகுதியின் மேல்முனையிலிருந்து கீழே முழுவதும் டைப் 1000 போடுங்கள். அல்லது நடுவில் அழுத்தம் உடைக்கும் சிறு தொட்டி ஒன்று. ஆனால் அதன் மிதவை வால்வை யாராவது பராமரிக்க வேண்டும். பைப்பின் விலை வித்தியாசம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது.

எங்கே புதைப்பது? கீழ்ப்பக்க ஓரத்தில் வேண்டாம். அது கொட்டி நிரப்பிய மண், அங்கே ஒரு கசிவு வந்தால் தாங்குசுவரின் முதுகில் தண்ணீர் நிற்கும், சுவர் போகும். வீதி நடுவிலும் வேண்டாம். மலைப்பக்கம், கானின் சுவரிலிருந்து 300 மி.மீ தள்ளி, 600 மி.மீ ஆழத்துக்குக் குறையாமல், அடியில் 100 மி.மீ மணல். 8 சதவீத, 4 சதவீதப் பகுதிகளில் அந்த 500 மி.மீ பட்டையைக் கொங்கிரீட்டால் மூடாமல் 80 மி.மீ இன்டர்லொக் கல்லால் மூடலாம். கொங்கிரீட் சிலாப் 2.5 மீற்றர், பக்கத்தில் கல் பட்டை. நாளைக்குக் கசிவு வந்தால் கல்லைப் பெயர்த்துத் திருத்திவிட்டு அதே கல்லை வைக்கலாம். 15 சதவீதப் பகுதியில் பாஸ் சொன்ன அதே காரணத்துக்காகக் கல் வேண்டாம், அங்கே பிரதான பைப்பை 160 மி.மீ உறைக் குழாய்க்குள் விடுங்கள்.

வீதியைக் குறுக்கே கடக்கும் ஒவ்வொரு இணைப்புக்கும் 110 மி.மீ உறை. 58 வீட்டில் கீழ்ப்பக்க வீடுகள் எத்தனையோ அத்தனை. அதற்கு மேல் 30 மீற்றருக்கு ஒரு வெற்று உறை, இரு முனையும் மூடி. இணையக் கேபிள், தெருவிளக்கு, நாளை கட்டும் புது வீடு எல்லாவற்றுக்கும். அவற்றின் இடத்தைக் கானின் சுவரில் சிவப்பு வர்ணத்தால் குறியுங்கள், குறிக்காத உறையை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. மூடுவதற்கு முன் பைப்பைத் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்குக்குச் சோதியுங்கள். ஜொயின்ட்கள் திறந்தே இருக்கட்டும். அகழியை மூடும்போது 150 மி.மீ தட்டுத் தட்டாக அமுக்க வேண்டும். புதிய வீதியில் ஒரு வருடத்துக்குள் நீளவாக்கில் ஒரு தாழ்வு விழுந்தால் அது பைப் அகழி என்று கண்ணை மூடிச் சொல்லலாம்.

மலைப்பக்கத்தில் மழை விட்டு நான்கு நாளுக்குப் பிறகும் ஈரம் கசியும் இடம் இருந்தால் அது ஊற்று. கானுக்கு அடியில், வீதித் தட்டை விடத் தாழ்வாக, 600 மி.மீ ஆழ அகழி வெட்டி, ஜியோடெக்ஸ்டைல் துணி (மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடுவது) விரித்து, துளையிட்ட 110 மி.மீ பைப் வைத்து, முக்கால் இஞ்சி மெட்டல் நிரப்பித் துணியால் மடித்து மூடுங்கள். துணி இல்லாமல் போட்டால் இரண்டு வருடத்தில் மண் புகுந்து அடைத்துவிடும்.

---

பண்டாரவளை_பாஸ் எழுதியது:

பணம் பகுதி பகுதியா வருதுன்னா நான் சொல்ற ஒழுங்கு இது. முதல் வருசம்: 420 மீற்றருக்கும் கான், ரெண்டு மதகு, தண்ணி லைன், அப்புறம் செங்குத்து 120 மீற்றருக்கு மட்டும் கொங்கிரீட்டு. கான் மட்டும் மீற்றருக்கு 0.21 கன மீற்றர் கொங்கிரீட்டு, மொத்தம் 88. சின்ன வேலை இல்ல. பணம் போதலன்னா செங்குத்த அடுத்த வருசத்துக்குத் தள்ளுங்க, கானைத் தள்ளாதீங்க.

மேல் 150 மீற்றருக்கு வேண்டிய ஏ.பீ.சீய செங்குத்துல கொங்கிரீட்டு போடுறதுக்கு முன்னமே மேல ஏத்திருங்க. மூணு கியூப் டிப்பர் நிறைச்சா வண்டியோட 20 டொன் வரும், புது சிலாப் மேல அதை ஏத்த வேணாம். அடித்தட்டு போட்டு அமுக்கி விட்டா மேல் பகுதி ஒரு வருசம் மண் ரோடா நல்லாவே ஓடும், கான் வேலை செஞ்சா. அந்த ஒரு வருசத்துல எங்க இறங்குதுன்னு தெரிஞ்சிரும், அதைத் திருத்திட்டு மேல கொங்கிரீட்டு போடலாம். வாசல்ல காபட் கேக்கிறவங்ககிட்ட இதைச் சொல்லிப் பாருங்க.

செங்குத்து மூடி இருக்கிற நாள்ல மேல உள்ள வீடுகளுக்கு வாகனம் போகாது. கொங்கிரீட்டு போடுற நாட்கள், அப்புறம் ஆகக் குறைஞ்சது 14 நாள். கேஸ் சிலிண்டர், அரிசி எல்லாம் முன்னாடியே மேல போகட்டும். கானோட சுவர் ஓரமா பலகைப் பாதை ஒண்ணு. நோயாளி, கர்ப்பிணி இருக்கிற வீடுகள் பட்டியல் சங்கத்துக்கிட்ட இருக்கணும், ஸ்ட்ரெச்சர் ஒண்ணு மேல வச்சிருங்க.

---

கான்வரம்பு எழுதியது:

பாஸ் சொன்ன ஒழுங்கை அப்படியே தீர்மானமாக எழுதிச் சங்கக் கூட்டத்தில் நிறைவேற்றி, பிரதியைச் சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் கொடுங்கள். அடுத்த வருடம் ஆள் மாறினாலும் ஒழுங்கு மாறாது.

மதிப்பீட்டில் தனி உருப்படியாக இருக்க வேண்டியவை: மண் அகற்றல், உறைக் குழாய்கள், கான் மூடிகள், கியூரிங், ஜொயின்ட் வெட்டுதல், கொங்கிரீட் சோதனைக் கட்டிகள் (ஒரு நாள் வேலைக்கு ஆறு: மூன்று 7 நாளில், மூன்று 28 நாளில் உடைக்க). தனியாக எழுதாதது எதுவும் நடக்காது. வேலைத்தளத்தில் ஒரு மழைமானி வையுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ தாண்டினால் அது மண்சரிவு எச்சரிக்கையின் முதல் கட்டம். வெட்டிய சரிவுக்குக் கீழே அன்று யாரும் வேலை செய்யக் கூடாது.

பழுதுப் பொறுப்புக் காலம் (வேலை செய்தவர்களே பழுதைத் திருத்திக் கொடுக்க வேண்டிய காலம்) வழக்கமாக ஒரு வருடம். அது முடிவதற்கு ஒரு மாதம் முன்பு, நல்ல மழை நாளில், குடை பிடித்துக்கொண்டு உத்தியோகத்தரோடு 420 மீற்றரும் நடந்து பாருங்கள். கான் வழிகிற இடமும் தண்ணீர் தேங்குகிற இடமும் வெயிலில் தெரியாது.

---

பனிக்காடு எழுதியது:

மூணு பேரும் சொன்னத வச்சு ரெண்டு பக்கத்துல எழுதிட்டேன். ஞாயித்துக்கிழமை கூட்டம். முதல்ல கான் வெளிவாயில் எங்க போய்ச் சேருதுன்னு நடந்து பாக்கப் போறோம், கீழ் வரிசை வீட்டுக்காரங்களையும் கூட்டிக்கிட்டு. அளவுநாடா அண்ணே, கசிவு அஞ்சுல நாலு கீழ்ப் பாதியிலதான் இருக்கு. டைப் 1000 எழுதிட்டேன்.